கரண்டியால் சாப்பிட்ட தண்ணீர்

பைத்தியம் பிடித்தது என் நாக்குக்கு, எனக்கல்ல. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனம் அந்த வருடம் முழுக்க இரண்டையும் ஒன்றாக்கித்தான் கதைத்தது.

தவக்காலம் தொடங்கி இரண்டாம் கிழமை என்று நினைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். ஒரு வாய் எடுத்து வைத்ததும் தாடை தன் பாட்டில் திறந்தது. நாக்கு வெளியே வந்தது, இடியப்பமும் அதோடு சேர்ந்து வந்தது. எதிரே இருந்த கணவர், சொதியில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்துத் தன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடமாக என் சமையலை ஒரு சொல் குறை சொல்லாத மனுசன். அன்றைக்கும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பாணும் வெண்ணெயும் எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு நாக்கு வந்ததைவிட அந்தப் பாண்தான் கோபம்.

நான் கோபக்காரி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொலிதேயாமா தியேட்டர் பக்கத்தில் ஒரு சினியோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அந்த வீட்டில் ஒரு தூசி இருந்தால் அது என்னிடம் அனுமதி வாங்கித்தான் இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு, என் சொந்த வாய் கேட்டுக் கேள்வி இல்லாமல் திறக்கிறது, மூடுகிறது, திரும்பத் திறக்கிறது. கதைக்கும்போது அவ்வளவாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் போதும், தொடங்கிவிடும்.

வெளியில் இதை முதலில் கவனித்தவர் பல்லரோச் சந்தையில் மீன் விற்கிற ஒருவர். சனிக்கிழமை காலை சாளை வாங்கப் போயிருந்தேன். பெட்டிக்கு முன்னால் நின்று விலை கேட்க வாயைத் திறந்தேன். கேள்விக்கு முன்னால் நாக்கு வந்தது. அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சினியோரா, இது விடியக் காலையில் வந்த மீன்" என்றார். எனக்கும் அது தெரிந்தது, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. நல்ல மீன் என்று சொல்லத்தான் போனேன். நாக்கு மறுபடியும் வந்தது, இந்த முறை இன்னும் நீளமாக. அவர் கத்தவில்லை. கையைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, தன் நாக்கை முழுதாக நீட்டிக் காட்டினார். பக்கத்தில் ஒலிவ் காய் விற்கிறவரும், விசயம் என்னவென்று தெரியாமலே, தோழமைக்காகத் தன்னுடையதை நீட்டினார். நான் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கிழமை முழுக்கப் பருப்புத்தான்.

கோயிலில் வேறு விதம். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமி வயதானவர். நன்மை எடுக்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கையிலேயே என் நாக்கு வெளியே வந்து காத்துக்கொண்டு நின்றது. சுவாமிக்கு அது பக்தியாகப் பட்டது. "இப்பிடி ஆசையோடை வாறாக்கள் இப்ப குறைவு" என்று பூசை முடிய என் கணவரிடம் சொன்னாராம். ஆனால் நன்மையை வாயில் வைத்ததும் நாக்கு அதைத் திருப்பித் தள்ளப் பார்த்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, என் இடத்துக்கு ஓடினேன். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர்தான் கடைசியாகக் குழப்பத் தொடங்கியது. ஒரு மிடறு குடித்தால் இருமல். இரண்டு மிடறு குடித்தால் கண் பிதுங்குகிற இருமல். அப்போதுதான் மகள், "பஸ்தா அம்மா, காணும், டொக்டரிட்டை போவம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் பலெர்மோவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் முடிவெடுக்கிற பொறுப்பை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

நரம்பு வைத்தியர் என் வாயை அரை மணித்தியாலம் வேடிக்கை பார்த்தார். பிறகு இதற்கு டிஸ்தோனியா என்று பெயர் என்றார். மூளை தசைகளுக்குப் பிழையான கட்டளை அனுப்புகிறது, தசைகள் கேள்வி கேட்காமல் அதைச் செய்கின்றன. உயிர் போகிற வருத்தமில்லை. ஆனால் விழுங்குகிற நேரத்தில் நாக்கும் தாடையும் குழப்படி செய்தால், வயிற்றுக்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போகும். அதுதான் ஆபத்து.

"இந்தக் குழப்படியை நிற்பாட்ட ஏதாவது வழி கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் கண்டுபிடித்திருந்தேன். ஆட்காட்டி விரலை நாடிக்குக் கீழே மெதுவாக வைத்தால் தாடை கொஞ்ச நேரம் அடங்கும். வெட்கத்தோடு செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இந்த நோய் உள்ளவர்களில் பலர் இப்படி ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள் என்று சொல்லி எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் விரலை நாடியில் வைத்தபடியே ஊர் சுற்றினேன். பிரசங்க நேரத்தில் சுவாமி என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கோயிலில் தன் பிரசங்கத்தைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள் நான் என்று அவருக்கு நினைப்பு.

பிறகு ஒரு எக்ஸ்ரே. வெள்ளை மருந்து கலந்த தண்ணீரை விழுங்கச் சொல்லி, அது போகிற பாதையைப் படம் பிடித்தார்கள். கட்டியாகக் கரைத்தது சரியான வழியால் போனது. தண்ணியாகக் கரைத்தது வழி தப்பியது. டொக்டர் திட்டத்தைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாடைக்குக் கீழே ஊசி. கிழமைக்கு இரண்டு நாள் விழுங்குகிற பயிற்சி. அதுவரை வெறும் தண்ணீர் கூடாது, மாப்போல ஒரு தூள் கலந்து தடிப்பாக்கித்தான் குடிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் மறுபடியும் எக்ஸ்ரே.

"அப்போதும் தண்ணீர் வழி தப்பினால்?" என்று மகள் கேட்டாள்.

டொக்டர் ஒரு தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். அதில் ஒரு மனுசனின் படம். அவன் வயிற்றில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், குழாயின் அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பை. மனுசன் சிரித்துக்கொண்டிருந்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, வயிற்றால் சாப்பிடுவதற்கு நான் என்ன வாகனமா, பெற்றோல் அடிக்க, என்று கத்தினேன். கத்தி முடிந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். குழாய் வேண்டாம், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் வேண்டும்.

ஊசி விசயத்தில் இன்னொரு கூத்து. அந்த மருந்தின் பெயரைச் சினியோராவிடம் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். அதே மருந்தைத்தான் அவர் வருடத்துக்கு இரண்டு தடவை நெற்றியில் போடுகிறாராம், சுருக்கம் விழாமல் இருக்க. "இனி நாம் சகோதரிகள்" என்றார். மகிழ்ச்சியில் சொன்னாரா கவலையில் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நெற்றி பத்து வருடமாக எந்தச் செய்திக்கும் அசைவதில்லை.

மகள் தன் சிநேகிதியிடம் சொல்ல, சிநேகிதி தன் தாயிடம் சொல்ல, அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் வடிவுக்கு ஊசி போடுகிறேனாம். சாப்பாடு இறங்காமல் ஆறு கிலோ குறைந்திருந்ததால் பார்க்கிறவர்களுக்கும் அது உண்மை போலவே இருந்தது.

"முகம் நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு, அக்கா" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். "எங்கை போடுறனீங்கள்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

"வாய்க்குப் போடுறன்" என்றேன். "கனக்கக் கதைக்கிறாக்களுக்கும் நல்லதாம்."

அதன்பிறகு அந்தப் பிள்ளை இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஊசி அவ்வளவுக்கு வேலை செய்தது.

உண்மையாகவே வேலை செய்தது. இரண்டு கிழமையில் தாடை பாதி அடங்கியது. நாக்கு வெளியே வந்தாலும் சோம்பலாக வந்து சீக்கிரம் திரும்பியது. விழுங்கப் பழக்குகிற பெண்ணை இத்தாலியனில் லோகோபெதிஸ்தா என்பார்கள். என் மகளின் வயதுதான் இருக்கும், பலெர்மோப் பிள்ளை, கதைக்கும்போது கை ஒரு இடத்தில் நிற்காது. நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கப் பழக்கினாள். "க, க, க" என்று அடித்தொண்டையால் சொல்லச் சொன்னாள். முக்கியமாக, நாடியை நெஞ்சோடு ஒட்டும்படி தலையைக் குனிந்துகொண்டு விழுங்க வேண்டும் என்றாள். அப்படிக் குனிந்தால் மூச்சுக்குழாயின் வாசல் ஒடுங்கும், தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. நான் நாளுக்கு மூன்று தடவை, காலை, மதியம், இரவு, செபம் சொல்வதைப் போலத் தவறாமல் செய்தேன். பல்கனியில் நின்று "க, க, க" என்று சொன்னால், எதிர் வீட்டுக் கிழவர் தன் பல்கனிக்கு வந்து, என்ன வேண்டும் என்று கேட்பார்.

தண்ணீரைத் தடிப்பாக்குகிற வேலையைக் கணவர் பொறுப்பெடுத்தார். அவர் ஒரு ரிஸ்தோரந்தேயில் பாத்திரம் கழுவுகிறவர். அவசரம் என்ற சொல்லையே அறியாத ஆள். தூளை அளந்து, முள்ளுக்கரண்டியால் கலக்கி, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து, கரண்டியில் எடுத்துச் சரித்துப் பார்ப்பார். தேன் விழுகிற வேகத்தில் விழ வேண்டும்.

"கட்டி கிடக்கப்பா" என்பேன்.

"கட்டி இல்லை, கொஞ்சம் தடிச்சுப் போச்சு. இரும், திரும்பக் கலக்கிறன்."

தேநீரில் போட்டார், அது கிண்ணத்திலேயே உறைந்து குலுங்கியது. சொதியில் போட்டார், அதைத் துண்டு போட்டுப் பரிமாறலாம் போலிருந்தது. சிரோக்கோ வெக்கைக் காற்று அடித்து, பலெர்மோ முழுக்கச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு திரிந்த ஆடி மாதத்தில், நான் ஃபிறிட்ஜுக்கு முன்னால் நின்று கரண்டியால் தண்ணீர் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது தாகத்தைத் தொடவே தொடாது. அந்த நாட்களில் எங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். கணவர் முகம் கழுவுவதைக்கூடப் பொறாமையோடு பார்த்தேன்.

இவ்வளவும் செய்தும் இருமல் நிற்கவில்லை. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. லோகோபெதிஸ்தாவின் அறையில் கரண்டியால் தந்தால் ஒழுங்காக விழுங்குவேன். வேலைக்குப் போய் வந்தால் இருமல். ஆவணியில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று மருந்து தந்தார்கள். டொக்டர் ஊசியின் அளவைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். மூன்று கிலோ இன்னும் குறைந்தது. கடைசியில், எக்ஸ்ரேயை முன்னுக்கு எடுப்போம், குழாய்க்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. நான் தயார்படுத்தவில்லை. பயந்தேன். பயந்தால் எனக்கு ஏச்சுத்தான் வரும். அந்தக் கிழமை கணவர், மகள், பக்கத்து வீட்டு நாய், எல்லாருக்கும் விழுந்தது.

விசயம் பிடிபட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. லோகோபெதிஸ்தாவின் அறையில் காற்றாடி பழுது. நான் வேலையிலிருந்து நேரே போயிருந்தேன், வேர்த்து ஊற்றியது.

"முகம் வெளிறிப் போயிருக்கிறது, சினியோரா. முதலில் ஏதாவது குடியுங்கள்" என்றாள் அவள். "தடித்த தண்ணீர் கொண்டு வந்தீர்களா?"

கொண்டு வந்திருந்தேன். கணவர் காலையில் கலக்கிப் போத்தலில் ஊற்றித் தந்தது. பையிலிருந்து எடுத்தேன். மூடியைத் திறந்தேன். வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்து, முகட்டைப் பார்த்து, வாயைத் திறந்து, போத்தலை ஒரு சாண் உயரத்தில் கவிழ்த்தேன். வெறும் தண்ணீர் என்றால் உடனே விழும். இது கூழ் மாதிரி இறங்கி வர நேரமெடுக்கும். அதனால் நான் அண்ணாந்தபடியே, வாயைத் திறந்தபடியே, பொறுமையாக நின்றேன். முதல் சொட்டு புறப்பட்டு நூல் போல நீண்டு வந்துகொண்டிருந்தபோது கதிரை விழுகிற சத்தம் கேட்டது.

"நில்லுங்கள்" என்றாள். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"தண்ணீர் குடிக்கிறேன்."

"யார் இப்படிக் குடிக்கச் சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்கு எப்படித் தெரியும்? நடக்கச் சொன்னது யார் என்று கேட்டால் சொல்ல முடியுமா? போத்தலில் வாய் வைத்தால் அது எச்சில். எச்சில் போத்தலை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, செம்பானாலும் பேணியானாலும் போத்தலானாலும், அண்ணாந்துதான் குடித்திருக்கிறேன். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அவளுக்கு விளக்கினேன்.

"ஆனால் நாடியைத் தாழ்த்தச் சொல்லி நான் எத்தனை தரம் படித்துப் படித்துச் சொன்னேன்?"

"தாழ்த்துகிறேனே. நாளுக்கு மூன்று தடவை."

"குடிக்கும்போது?"

"குடிப்பது வேறு. அது பயிற்சி, இது குடிக்கிறது."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு மேசையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுடைய கைகள் முதல் தடவையாக அசையாமல் இருந்தன. பிறகு ஒரு தாளில் தொண்டையைப் படமாகக் கீறினாள். தலை அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வாசல் எப்படி அகலத் திறக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினாள். சுகமாக உள்ள தொண்டை அதைச் சமாளிக்கும். என்னுடையது சமாளிக்காது. ஊசியும் பயிற்சியும் தூளும் பாடுபட்டு மூடிய கதவை, நான் ஒவ்வொரு நாளும் பத்துத் தடவை என் கையாலேயே திறந்து விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காது சுட்டது. காய்ச்சல் வந்ததும் நெஞ்சில் சளி கட்டியதும் என்னால்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஐந்து மாதமாக நான் போத்தலில் அண்ணாந்து குடிப்பதை அவர் தினமும் கண்டிருக்கிறார். அதில் வித்தியாசமாக எதுவும் அவருக்குப் படவில்லை, ஏனென்றால் அவரும் அப்படித்தான் குடிக்கிறவர்.

"அப்ப வேறை எப்பிடிக் குடிக்கிறது?" என்று அவர் கேட்டார்.

மகள்தான் துள்ளிக் குதித்தாள். "இருவது வருசமா, அம்மா. வாய் வைக்காதை, வாய் வைக்காதை எண்டு இருவது வருசமா என்னைப் பேசினீங்கள். பள்ளிக்கூடத்திலை எல்லாற்றை பிள்ளையளும் வாய் வைச்சுக் குடிக்க, நான் மட்டும் யூனிஃபோமை நனைச்சுக்கொண்டு நிண்டன்."

"அது பழக்கவழக்கம்" என்றேன்.

"அது டிஸ்தோனியாவுக்குக் கூடாது" என்றாள்.

அவளை மட்டுமா பேசினேன். மலைக் கோயிலுக்கு எங்கள் சனம் நடந்து போகிற ஒவ்வொரு வருடமும், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் நான்தான். வாய் வைத்த பிள்ளையைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். என்னைக் கண்டால் வாயில் வைத்த போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கலியாணமும் முடிந்துவிட்டது.

எக்ஸ்ரேக்கு இன்னும் மூன்று கிழமையும் சில நாட்களும் இருந்தன. லோகோபெதிஸ்தா கட்டளை போட்டாள், வீட்டில் எல்லாரும் குனிந்தே குடிக்க வேண்டும், ஒருவர் அண்ணாந்தால் பார்த்திருக்கிற என் கையும் தானாக உயரும். மகள் ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்து, விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு அரைவட்டமாக வெட்டினாள். அப்படி வெட்டினால் கப்பை எவ்வளவு சரித்தாலும் மூக்கில் இடிக்காது, தலையைத் தூக்கத் தேவையில்லை. கணவருக்கும் ஒன்று வெட்டினாள். அறுபது வயது மனுசன், முதல் நாள் குனிந்து குடித்துச் சட்டையை முழுதாக நனைத்தார்.

"இது நல்லாயில்லை, இஞ்சேர்" என்றார் என்னிடம். "தண்ணி எங்கை போகுது எண்டே தெரியேல்லை."

எனக்கும் அதுதான். வாயில் கப்பின் விளிம்பு பட்டால் உடம்பு கூசியது. சொந்தக் கப், சொந்த எச்சில், என்றாலும் கூசியது. போத்தலைக் கண்டால் கை தானாக மேலே போனது. என் நாக்கைச் சொல்லிக் குற்றமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அது பாவம், மூளை சொன்னதைச் செய்தது. என் கைக்கு யார் சொன்னது?

சினியோராவும் சேர்ந்துகொண்டார். நான் எந்த அறையில் நின்று தண்ணீர் எடுத்தாலும் அடுத்த அறையிலிருந்து "மென்தோ" என்று குரல் வரும். நாடி என்று அர்த்தம். மூன்றாம் கிழமையில் நான் தூசி தட்டும்போதும் மென்தோ, தொலைபேசியில் கதைக்கும்போதும் மென்தோ. நாடியை நெஞ்சோடு ஒட்டியபடி சுவரோரமாகவே நடந்து திரிந்தேன். ஆனால் அந்த மூன்று கிழமையில் இருமல் மூன்று தடவைதான் வந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

எக்ஸ்ரே நாளில் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு என்னை உள்ளே கொண்டு போனார்கள். டொக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். லோகோபெதிஸ்தா என் பக்கத்தில், பாரமான அங்கி போட்டுக்கொண்டு. முதலில் தடித்தது தந்தார்கள், போனது. பிறகு தண்ணியானது. வெள்ளை நிறம், ஆஸ்பத்திரிக் கப், மூக்குக்கு வெட்டில்லை. லோகோபெதிஸ்தா எதையும் சொல்லக் கூடாதாம், நானாகக் குடிக்க வேண்டுமாம்.

கப்பைக் கையில் எடுத்தேன். என் கை மேலே போகத் தொடங்கியது. நெஞ்சைத் தாண்டி, வாயைத் தாண்டி, நெற்றிக்கு நேரே வந்து நின்றது. தலையும் பின்னால் சாயப் புறப்பட்டது. லோகோபெதிஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் படத்தில் சிரித்த மனுசன் ஞாபகம் வந்தான். உனக்குச் சிரிப்பு வந்தால் நீ சிரி, எனக்கு வராது என்று மனதுக்குள் அவனை ஏசினேன். ஏசியதில் கை இறங்கியது. மற்றக் கையின் விரலை நாடிக்குக் கீழே வைத்தேன். குனிந்தேன். கப்பின் விளிம்பை உதட்டில் வைத்து ஒரு மிடறு எடுத்து விழுங்கினேன். இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு மிடறு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதுவும் போனது.

டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினார். அந்த வெள்ளை மருந்து படத்தில் ஒரு கறுப்புக் கோடாக நாக்கிலிருந்து புறப்பட்டு, மூச்சுக்குழாயின் வாசலில் கொஞ்சம் தயங்கி, பின்பக்க வழியால் கீழே இறங்கியது. என் உடம்புக்குள் இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழாய் தேவையில்லை என்றார். ஊசி தொடர வேண்டும், பயிற்சி தொடர வேண்டும், நாக்கு இனியும் இடைக்கிடை வரும். ஆனால் தண்ணீர் குடிக்கலாம், சின்னச் சின்ன மிடறாக, குனிந்து.

"வெறும் தண்ணீரா?" என்று கேட்டேன்.

"வெறும் தண்ணீர்."

வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய், ஆஸ்பத்திரி விறாந்தை மூலையில் இருந்த தண்ணீர் மெசினில் ஒரு கடதாசிக் கப்பை நிரப்பினார். கொண்டு வருகிற வழியில் நின்றார். கப்புக்குள் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, உதட்டை வைத்து, ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்றேன்.

"குளிரோ எண்டு பாத்தனான்" என்றார். "குளிர்த் தண்ணி உமக்குப் புரைக்கேறினாலும் எண்டு." சொல்லிவிட்டும் கப்பை என்னிடம் தராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு மாதமும் கடிகாரத்தைப் பார்த்துத் தூள் கலக்கிய மனுசன், என்னைவிடப் பயந்துபோய் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வாய் வைத்த எதையும் நான் குடித்ததில்லை. கப்பை வாங்கினேன். கடதாசியில் அவர் உதடு பட்ட இடம் நனைந்து தெரிந்தது. அந்த இடத்திலேயே என் வாயை வைத்து, நாடியைத் தாழ்த்தி, குடித்தேன்.